படிக்கட்டைப் பார்த்துவிட்டுக் கேள்வி எழுதுங்கள்

டர்பன் பல்கலைக்கழகங்களில் முதியோர், மாற்றுத்திறனாளிகள் பற்றி ஆய்வு செய்வோருக்கு,

வணக்கம்.

என் அம்மாவுக்கு 81 வயது. தென்னாப்பிரிக்காவில் எந்த இனத்தவர் எங்கே வசிக்கலாம் என்று நிறவெறி ஆட்சி வகுத்த குழுப்பகுதிச் சட்டத்தால் வீடிழந்த இந்தியக் குடும்பங்களுக்காக, 1960-களில் டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிச் சரிவுகளில் கட்டப்பட்ட வீடுகளில் ஒன்றில்தான் இன்றும் இருக்கிறோம். வாசலிலிருந்து ரோட்டுக்கு 23 படி. பக்கவாதம் வந்த பிறகு அம்மா படியில் உட்கார்ந்து, இடக்கையை ஊன்றி, ஒவ்வொன்றாக நகர்ந்துதான் இறங்குவார். ஏறும்போது நான் பின்னால் நின்று இடுப்பைத் தாங்க வேண்டும். ஈஸ்டர் சமயத்தில் நடக்கும் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழாவுக்குப் போவது நின்றே போயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன் டேப்லெட்டோடு ஒரு ஆய்வாளர் வந்தார். நல்ல பிள்ளை. "ஆன்ட்டி, படி ஏறி இறங்க முடியுமா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். அம்மா "யெஸ்" என்றார். 'சிரமமில்லை' என்பதில் ஆய்வாளரின் விரல் பட்டது. அம்மா சொன்னது பொய்யில்லை. எப்படி இறங்குகிறீர்கள், எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்க அந்தப் படிவத்தில் இடமே இல்லை. கையெழுத்து வாங்கிப் போனவர்கள், ஆய்வில் என்ன தெரிந்தது என்று சொல்லக்கூடத் திரும்பி வரவில்லை.

"எங்களை விட்டுவிட்டு எங்களைப் பற்றி எதுவும் வேண்டாம்" என்ற முழக்கத்தை மைக்கேல் மசுதா, வில்லியம் ரோலண்ட் போன்ற மாற்றுத்திறனாளித் தலைவர்கள் 1993-லேயே இந்த நாட்டில் பேசினார்கள். ஆய்வாளர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தென்னாப்பிரிக்கப் பழங்குடிகளான சான் மக்கள் 2017-ல் தாங்களே ஒரு நெறிமுறை எழுதினார்கள். மரியாதை, நேர்மை, நியாயம், அக்கறை, முறைப்படி வருதல் என்று ஐந்தே சொல்லில் அது அடங்கிவிடுகிறது. நாங்களும் அதையே கேட்கிறோம்.

கேள்விகளை எழுதி முடித்த பிறகு எங்களைத் தேடி வராதீர்கள். எழுத உட்காரும்போதே எங்கள் முதியவர்களில் இருவரையும் சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்களுடைய நேரத்துக்கும் டாக்சிக்கும் பணம் கொடுங்கள். தமிழ் பேசுகிற ஒருவரையும் அழைத்து வாருங்கள். எங்கள் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தேவைப்படாது, உண்மைதான். ஆனால் பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவுக்கு ஆங்கிலச் சொற்கள் நழுவுகின்றன, தமிழ்தான் முதலில் வருகிறது. முடிவுகள் வந்ததும் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து சொல்லுங்கள்.

அம்மாவின் பெயருக்கு நேரே இன்னும் 'சிரமமில்லை' என்றுதான் இருக்கும். அந்தத் தகவல் உங்களில் யாரிடம் இருக்கிறதோ, தயவுசெய்து அவர் அதைத் திருத்தட்டும்.

இப்படிக்கு,
ஒரு மகள், சாட்ஸ்வொர்த்