மீன்பிடித் துறை அமைத்தும் பட்டினியாகும் கிராமம்: புகார்க் கடிதம்

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மீன்பிடிப்புக் கூடுதல் தொகுப்பில் உள்ள குறைபாட்டைச் சரிசெய்யவோ, தொகையைத் திருப்பித் தரவோ கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். தங்கள் நிறுவனத்தின் கிராமம் அமைக்கும் விளையாட்டை ஓராண்டுக்கும் மேலாக விளையாடி வருகிறேன். மீன்பிடிப்புக்கான கூடுதல் தொகுப்பைத் தனியே பணம் கட்டி வாங்கிய நாள் முதல், ஆற்றில் மீன் இருந்தும், ஆற்றங்கரையில் கட்டிய மீன்பிடித் துறையில் நான்கு பேரை நியமித்தும் என் கிராமத்தார் குளிர்காலந்தோறும் பட்டினி கிடக்கிறார்கள். இது குறித்து ஏற்கெனவே இரண்டு முறை எழுதினேன். துறையில் ஆள் நியமித்திருக்கிறேனா என்று பார்க்கும்படியும், விளையாட்டை நீக்கிவிட்டு மறுபடி இன்ஸ்டால் செய்யும்படியும் இரண்டு முறையும் எழுத்து மாறாமல் ஒரே பதில் வந்தது. சொன்னபடியே செய்தேன், ஒரு மாலைப்பொழுது வீணானதுதான் மிச்சம். ஆகவே, பழுது எங்கே என்பதை நானே தேடிப் பார்த்து இந்தக் கடிதத்தில் எழுதுகிறேன்.

முதலில், என் பக்கத்துத் தவறு ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். துறையை ஆற்றின் வளைவில் கட்டிய நான், உணவுக் கிடங்கை ஊரின் நடுவே வைத்திருந்தேன். ஒரு மீனவரை மட்டும் தேர்ந்தெடுத்து, கேமராவை அவர் பின்னாலேயே ஓடவிட்டுப் பார்த்தேன். கூடையில் மூன்றே மீன்களுடன் பாலத்தைக் கடந்து, கோதுமை வயலைச் சுற்றிக்கொண்டு அவர் கிடங்குக்கு வந்து சேர்வதற்குள் விளையாட்டில் பொழுது சாய்ந்துவிட்டது. கூடையை இறக்கியவர் அப்படியே வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டார். நாளெல்லாம் நடந்தே கழிப்பவர் எப்போது தூண்டில் போடுவார்? இது என் திட்டமிடலின் கோளாறு என்பதை ஒப்புக்கொண்டு, துறையை ஒட்டியே சிறிய கிடங்கு ஒன்றைக் கட்டினேன். கிடங்கு ஏற்கும் பொருள்களின் பட்டியலில் தானியம், விறகு எல்லாவற்றையும் நீக்கிவிட்டு மீனுக்கு மட்டும் டிக் போட்டேன். அன்றைய ஆட்டம் முடியும் வரை மீன் மளமளவென்று சேர்ந்தது.

மறுநாள் சேவ் செய்த ஆட்டத்தைத் திறந்தபோது நால்வரும் துறையின் பலகைமேல் நிறைந்த கூடைகளோடு அசையாமல் நின்றிருந்தார்கள். கிடங்கைத் திறந்து பார்த்தால் மீனுக்கு எதிரே இருந்த டிக் காணாமல் போயிருந்தது. தற்செயலாக இருக்கலாம் என்று, புதிய வரைபடத்தில் வேறொரு கிராமத்தைத் தொடங்கி ஐந்து முறை சேவ் செய்து ஐந்து முறை திறந்தேன். ஐந்து முறையும் டிக் அழிந்தது. அந்தக் கிராமத்தின் கிடங்கில் தானியத்துக்கும் விறகுக்கும் போட்ட டிக்குகள் அப்படியே இருக்க, கூடுதல் தொகுப்பில் வந்த மீனுக்கு மட்டும் அழிவதால், சேவ் ஃபைலில் அந்த ஒரு விவரம் பதிவாவதில்லை என்றே கருதுகிறேன்.

இத்துடன் இன்னொரு குறையும் உண்டு. அறுவடைக் காலத்தில் வயலுக்கு ஆள் போதாதபோது மீனவர்களை அங்கே அனுப்புவது நியாயமே. ஆனால் அறுவடை முடிந்த பின்னும் அவர்கள் துறைக்குத் திரும்புவதில்லை. துறையின் விவரப் பலகத்திலோ, நான்கு இடத்துக்கும் ஆள் இருப்பதாகச் சொல்லும் ‘4/4’ என்ற எண் மாறாமல் நிற்கிறது. சேவைப் பிரிவினர் பார்க்கச் சொன்னது இந்த எண்ணைத்தான்.

குறை இருப்பதைவிட, அதை விளையாட்டு வெளியே காட்டாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம். சூளையில் விறகு தீர்ந்தால் தலைக்குமேல் ஒரு குறி தோன்றுகிறது. மீன் இறக்க இடமில்லை என்பதற்கோ, துறையில் ஆளே இல்லை என்பதற்கோ எந்தக் குறியும் கிடையாது. 2014ஆம் ஆண்டில், ஏறத்தாழ ஒரே ஒருவரின் உழைப்பில் வெளிவந்த ‘பேனிஷ்ட்’ (Banished) என்ற, இதே போல ஊர் அமைக்கும் விளையாட்டில்கூட, மீன்பிடித் துறையை வைக்கும்போதே அதன் எல்லை வட்டமாகத் தெரியும். வட்டத்துக்குள் நிலம் கூடி நீர்ப்பரப்பு குறைந்தால் மீன் வரத்தும் குறையும் என்பதைக் கண்ணால் பார்த்தே புரிந்துகொள்ளலாம். இதைத் தங்களைச் சிறுமைப்படுத்துவதற்காகச் சொல்லவில்லை. காரணம் தெரிந்தால் ஆடுபவர் துறையை இடம் மாற்றியாவது பிழைத்துக்கொள்வார் என்பதற்காகவே சொல்கிறேன்.

எனவே, அடுத்த அப்டேட்டில் இவ்விரு குறைகளையும் சரிசெய்வதோடு, துறை நின்றுபோனால் அதற்கான காரணத்தைப் பலகத்திலேயே காட்ட ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நாளாகும் எனில், கூடுதல் தொகுப்புக்கு நான் செலுத்திய தொகையைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். மூல விளையாட்டுக்கான பணத்தை நான் கேட்கவில்லை. டிக் அழிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த இரண்டு சேவ் ஃபைல்களையும், மீனவர்கள் அறுவடைக்குப் பின் வயலிலேயே நிற்பதைக் காட்டும் திரைப்பதிவையும் இத்துடன் இணைத்துள்ளேன். மறுபடி இன்ஸ்டால் செய்யச் சொல்லும் பதிலை மட்டும் தயவுசெய்து மூன்றாம் முறையாக அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: சேவ் ஃபைல்கள் 2, திரைப்பதிவு 1