பெரியம்மை பாடுகிற பாட்டுக்கு எத்தனை பிட்?

நாகர்கோவில்,
ஞாயிறு இரவு

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. ஊரெல்லாம் வாட்ஸ்அப்பில் கிடக்கும்போது இன்லேண்டு வாங்கி எழுதுகிற ஆள் நீ ஒருத்தன்தான். கையெழுத்து மட்டும் பள்ளிக்கூடத்தில் பார்த்த அதே எறும்பு ஊர்வலம். இரண்டு இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வாசித்தேன்.

இங்கே இடவப்பாதி மழை பிடித்துக்கொண்டது. குலசேகரத்தில் மச்சானுக்கு ரப்பர் பால்வெட்டு நின்று ஒரு வாரம் ஆகிறது, போன் எடுத்தால் மழையைத்தான் திட்டுகிறான். எனக்கு முட்டுவலி பரவாயில்லை. கட்டன்சாயாவில் சீனியைக் குறைத்துவிட்டாள் வீட்டுக்காரி, அதுதான் இப்போதைய பெரிய சண்டை. மகள் பேறுகாலத்துக்கு ஆவணியில் வருகிறாள்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். கடியபட்டணத்துப் பெரியம்மையின் தாலாட்டையும் ஒப்பாரியையும் பதிவு பண்ணி வைக்கப் போகிறாய் என்று படித்ததும் மனசு நிறைந்தது. எண்பது தாண்டிய குரல், தள்ளிப் போடாதே. கடைக்காரப் பையன் 32 பிட் ஃப்ளோட் இல்லாத ரெக்கார்டர் வாங்குவது காசைக் கடலில் போடுவது என்றானாம். உன் மருமகனோ, சிடியே 16 பிட்தான், அதற்கு மேல் மனுஷக் காதுக்கு எதற்கு என்றானாம். பிட் என்பது, ஒலியை நொடிக்கு ஆயிரக்கணக்கான தடவை அளந்து எழுதும்போது ஒவ்வொரு அளவுக்கும் ஒதுக்குகிற இலக்கங்களின் எண்ணிக்கை. இரண்டு பேரும் பாதி பாதி சரி. நான் சொல்வது இது: 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் (நொடிக்கு 48,000 தடவை அளப்பது), சுருக்காமல் சேமிக்கிற வேவ் ஃபைல். வைத்துவிட்டு அந்த மெனுப் பக்கமே போகாதே.

ஏன் என்று கேட்பாய். பத்துப் பன்னிரண்டு வருஷம் முன்னால் ராஜாக்கமங்கலம் பக்கம் ஒரு கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு பதிவு பண்ணப் போனேன், நினைவிருக்கிறதா? நீ அப்போது மஸ்கட்டில் இருந்தாய். 16 பிட்டில் மெதுவான இடங்களில் இரைச்சல் ஏறும் என்று எங்கேயோ படித்ததைப் பிடித்துக்கொண்டு, லெவலை ஏற்றி வைத்திருந்தேன். பாட்டை நடத்துகிற அண்ணாவி கதை சொல்லும்போது மீட்டர் உச்சிக்குக் கொஞ்சம் கீழே அழகாக ஆடியது. எனக்குப் பெருமை வேறே. நடுச்சாமத்துக்கு மேல் சாமியை வரவழைக்கிற வரத்துப் பாட ஆரம்பித்தார். வீசுகோல் நாணில் விழுகிற வேகத்தில் வில்மணி அத்தனையும் சிதறுகிறது. உடுக்கும் குடமும் ஒன்றாக ஏறுகிறது, பெண்கள் குரவையிடுகிறார்கள். நானும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன், மீட்டரைப் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரில் விரித்தால், அலைகளின் தலையெல்லாம் வெட்டுக்கத்தியால் சீவினது போல மட்டம். பதினெட்டு நிமிஷம். கேட்டால் தகரத்தில் ஆணி இழுத்த சத்தம். அந்த அண்ணாவி இப்போது இல்லை.

தப்பு என்னுடையதுதான். ஆனால் அந்தத் தப்பைச் செய்ய வைத்தது, இரைச்சல் வந்துவிடுமோ என்ற பயம். 24 பிட் அந்தப் பயத்தை எடுத்துவிடுகிறது. அதற்கு மேல் அதில் மாயம் ஒன்றும் கிடையாது.

நம்மூர் பனையேறி கலயத்தோடு இறங்குவதை நினைத்துப் பார். சின்னக் கலயம் என்றால் விளிம்பு வரை நிறைத்தால்தான் அவனுக்குக் கட்டுப்படியாகும். விளிம்பு வரை நிறைத்தால் ஒரு குலுக்கலில் பதனீர் கொட்டும். கலயம் ஆழமாக இருந்தால் பாதி நிறைத்தாலே போதும், பைய இறங்கி வரலாம். பிட் கூடினால் கலயத்தின் வாய் மேலே உயராது, அடிதான் ஆழமாகும். பூஜ்ய டெசிபல் என்ற விளிம்பு 16-க்கும் 24-க்கும் ஒன்றேதான், அதைத் தாண்டினால் இரண்டிலும் கொட்டும். ஒவ்வொரு பிட்டுக்கும் சுமார் 6 டெசிபல் ஆழம். 16 பிட் என்றால் 96, 24 பிட் என்றால் 144. பெரியம்மை பாடுகிற சத்தம் மைனஸ் 18-ஐச் சுற்றி நிற்கட்டும், உணர்ச்சியில் குரல் எழும்பினாலும் மைனஸ் 10-ஐ ஒட்டி நிற்கும்படி கெய்னை, அதாவது மைக் ஒலியைப் பெருக்குகிற அளவை, வை. 3 பிட்டை அப்படியே சும்மா விட்டுவிட்டாய் என்று அர்த்தம். 24-ல் 3 போனால் 21 இருக்கிறதே!

144 என்பது காகிதக் கணக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன். நல்ல மெஷினே 120 டெசிபலைத் தாண்டித் திணறும். மின்சுற்றுக்குச் சூட்டினால் வருகிற சொந்த இரைச்சல் ஒன்று உண்டு, கடைசி மூன்று நாலு பிட் அதைத்தான் எழுதி வைக்கிறது. நாம் வாங்குகிற கையடக்க ரெக்கார்டரில் அதைவிடக் குறைவுதான். அப்படியிருந்தும் கலயம் ஆழம்தான்.

‘16 பிட்டில் 65,536 படி, 24 பிட்டில் 1 கோடியே 67 லட்சம் படி, அதனால் ஒலி வழவழப்பாக இருக்கும்’ என்று உன் கடைக்காரன் ஒரு படம் வரைந்து காட்டியிருப்பானே, படிக்கட்டு மாதிரி? சவத்தை விடு. ஸ்பீக்கருக்குப் போகிற அலையில் படிக்கட்டு கிடையாது, வழவழப்பாகத்தான் வரும். பிட் குறைந்தால் அதன் அடியில் மெல்லிய ‘ஸ்ஸ்’ கொஞ்சம் கூடும், அவ்வளவே. போன மாதம் ராத்திரி மழை விட்ட நேரத்தில் சோதித்துப் பார்த்தேன். வேண்டுமென்றே கெய்னைக் குறைத்து, மீட்டர் மைனஸ் 50-ஐத் தாண்டாமல், ஒரே பாட்டை 16-ல் ஒரு தடவை, 24-ல் ஒரு தடவை பாடி வைத்தேன். (என் பாட்டுத்தான். வீட்டுக்காரி கதவைச் சாத்திக்கொண்டாள்.) அப்புறம் இரண்டையும் 40 டெசிபல் தூக்கினேன். 16-ல் பாட்டுக்கு அடியில் மணல் சலிக்கிற மாதிரி ஒரு கரகரப்பு. 24-ல் பின்னால் ஃபேன் சுற்றுவதும் அடுத்த வீட்டுக் குழாய் சொட்டுவதும் கேட்டது. லெவலைச் சரியாக வைத்துப் பாடினபோது எது எது என்று எனக்கே தெரியவில்லை.

அங்கேதான் உன் மருமகன் சொல்வது சரி. கேட்பதற்கு 16 தாராளம். சிடியை உருவாக்கும்போது ஃபிலிப்ஸ்காரர்கள் 14 போதும் என்றார்கள், சோனிக்காரர்கள் 16 என்று நின்றார்கள். 1982-ல் கடைக்கு வந்தது 16. பெட்டியில் போட்டுக் கொடுக்கிற பண்டம் வேறு, அடுப்பில் கிடக்கிற பண்டம் வேறு. பதிவும் எடிட்டிங்கும் 24-ல் முடித்துவிட்டு, யாருக்காவது சிடி வேண்டுமென்றால் கடைசியாக ஒரே ஒரு தடவை 16-க்கு இறக்கு. இறக்கும்போது டிதர் என்றொரு பொத்தான் இருக்கும், அதை அழுத்த மறக்காதே. மெல்லிய இரைச்சலைத் தெரிந்தே தூவுகிற வேலை அது. கேட்க விசித்திரம்தான். ஆனால் அதில்லாவிட்டால் பாட்டு தேய்ந்து முடிகிற இடத்தில் ஒலி சிராய்க்கும்.

இனி 32 ஃப்ளோட், அதாவது ஒலி விளிம்பைத் தாண்டினாலும் பிறகு இறக்கிக்கொள்ளும்படி எழுதி வைக்கிற முறை. கெட்டது இல்லை மக்கா, கொடைக்குத் தனியாகப் போகிறவனுக்கு வரம். அந்த ராத்திரி என் கையில் அது இருந்திருந்தால் பதினெட்டு நிமிஷமும் பிழைத்திருக்கும். ஆனால் பெட்டியில் எழுதியிருந்தால் போதாது. மெதுவான ஒலிக்கு ஒன்று, பலத்த ஒலிக்கு ஒன்று என்று உள்ளே ஒலியை எண்ணாக்குகிற இரண்டு மாற்றிகள் சேர்ந்து வேலை செய்கிற மாடலாக இருக்கவேண்டும். மைக்கே தாங்காமல் உடைந்த ஒலியை 32-ம் ஒட்டவைக்காது. திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டே பாடுகிற கிழவிக்கு 24 போதும். மிச்சக் காசுக்கு நல்ல மைக்கும் மூடின ஹெட்போனும் வாங்கு.

இடத்தைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தாய். 24 பிட் ஸ்டீரியோ ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்குக் கொஞ்சம் மேலே, 16 என்றால் 690 எம்பி. 64 ஜிபி கார்டில் அறுபது மணி நேரம் ஒப்பாரி போடலாம், அழ ஆள் கிடைக்காது.

உன் அப்பா குரல் இருக்கிற கேசட்டையும் 24-லேயே ஏற்று. கேசட்டின் ஆழம் 50, 60 டெசிபல்தான், 10 பிட்டில் அடங்கிவிடும். ஆனாலும் உலக ஒலி ஆவணக் காப்பகங்களின் சங்கமான ஐயாசா, பழைய டேப்பை ஏற்றுவதற்குக் குறைந்தது 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் என்றுதான் சொல்கிறது. டேப்பில் எந்த இடத்தில் அவர் சத்தம் போடுவார் என்று முன்கூட்டித் தெரியாது, லெவலைக் குறைத்தே ஓடவிடலாம். இரைச்சலைப் பிறகு துடைக்கும்போதும் இடம் இருக்கும். இங்கே ஒரு இடத்தில் என் கேசட்டுகளைச் சுருக்கின எம்பி3-ஆக மட்டும் ஏற்றித் தந்தார்கள். அதைத் துடைக்கப் போய்க் குரலும் சேர்ந்து போயிற்று.

உன் உண்மையான எதிரி கடல். பெரியம்மை வீட்டு வாசலில் நின்றால் அலைச் சத்தம் ராத்திரியும் பகலும் ஓயாது. அது 16 பிட்டின் இரைச்சலைவிட எத்தனையோ மடங்கு பெரிது, எத்தனை பிட் போட்டாலும் போகாது. மேற்குப் பக்கம் ஜன்னல் இல்லாத உள்ளறையில் உட்காரவை, சுவரில் இரண்டு போர்வை தொங்கவிடு, மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். பாட்டில் கடலும் வேண்டும் என்று நீ நினைத்தால் அது வேறே பேச்சு. எனக்கு அதுவும் பிடிக்கும்.

அடுத்த ஞாயிறு மழை விட்டால் காலை பஸ்ஸில் வருகிறேன். மைக்குக்குப் பஞ்சுத்தொப்பி என்னிடம் இருக்கிறது, கொண்டுவருகிறேன். பெரியம்மைக்கு முந்திரிக்கொத்தும். நீ அந்தக் கோழிக்கூட்டை மட்டும் ஜன்னலடியிலிருந்து அந்தாண்டை மாற்றி வை.

உன்,
பழைய பெஞ்சுக்காரன்