கில்ட் நடத்துபவர்களுக்கு: ‘எல்லா சைடு க்வெஸ்ட்டும்’ என்ற வரியை எடுத்துவிடுங்கள்

புதுச்சேரி, கடலூர் பக்கம் ஆன்லைன் ரோல்பிளே கேம்களில் கில்ட் (சேர்ந்து ஆடும் குழு) நடத்தும் தலைவர்களுக்கும் ஆபீசர்களுக்கும்,

வணக்கம். வாரா வாரம் வாட்ஸ்அப் குழுவில் நீங்கள் போடும் பட்டியலில் ஒரு வரி மட்டும் மாறுவதே இல்லை: ‘மேப்பில் இருக்கும் சைடு க்வெஸ்ட் எல்லாம் முடித்திருக்க வேண்டும்.’ மெயின் கதைக்கு வெளியே வரும் கிளை வேலைகளைக் கட்டாயமாக்கும் அந்த வரியை எடுத்துவிடச் சொல்லித்தான் இந்த மடல். சிப்காட்டில் ஷிப்ட் முடித்து வருகிறவருக்கும் காலாப்பட்டில் படிக்கிற மாணவருக்கும் ஒரு நாளில் ஆட்டத்துக்குக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். அதைப் போய் எண்ணிக்கைக் கணக்குக்குச் செலவழிக்கச் சொல்வது நியாயமில்லை.

ஒரு க்வெஸ்ட்டை எடுக்கும் முன் அது எதைத் திறந்துவிடுகிறது என்று பாருங்கள். ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் இதற்கு யோசிக்கவே வேண்டாம், நிறமே சொல்லிவிடும். என்பிசி (கணினி இயக்கும் பாத்திரம்) தலைக்கு மேல் வெறும் மஞ்சள் குறி இருந்தால் கொஞ்சம் எக்ஸ்பி (லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி), கொஞ்சம் காசு, அவ்வளவுதான். மெயின் கதையை ஓட்டினாலே அதைவிட அதிகம் சேர்ந்துவிடும். நீல நிறத்தில் கூட்டல் குறியோடு இருந்தால் டங்கனோ (அணியாகப் போய்ச் சண்டையிடும் இடம்) ஏதாவது வசதியோ திறக்கும். அதை விடக் கூடாது. லெவல் 20-இல் சொந்தச் சொகோபோ (ஏறிச் செல்லும் பறவை) வாங்கும் க்வெஸ்ட் அந்த வகை. அதற்கு 200 கம்பெனி சீல் (ஆட்டத்தில் வரும் படைப்பிரிவுகள் தரும் நாணயம்) வேண்டும். முன்கூட்டியே சேர்க்காமல் போய் நின்றால், சீலுக்காகத் தனியாக ஒரு சுற்று அலைய வேண்டியதுதான். மஞ்சள் க்வெஸ்ட்டைக் கதைக்காகச் செய்பவர்கள் தாராளமாகச் செய்யட்டும். அதைக் கட்டாயமாக்குவதுதான் தவறு.

அடுத்தது, எந்த லெவலில் செய்கிறோம் என்பது. ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப்பில் வாட்டர்ஃபால் க்வெஸ்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெம்பர்ஷிப் வேண்டும், ஸ்கில் லெவல் எதுவும் கேட்காது. முடித்தால் அட்டாக்கிலும் ஸ்ட்ரெங்த்திலும் தலா 13,750 எக்ஸ்பி. லெவல் 30-க்குத் தேவை 13,363. அதாவது லெவல் 1-இல் இருப்பவர் ஒரே தாவலில் இரண்டிலும் 30-ஐத் தொடுகிறார். இதையே லெவல் 50-இல் செய்தால் கிடைப்பது ஒரே ஒரு லெவல். அதனால் புதிதாகச் சேருகிறவருக்கு முதல் நாளே கொடுக்க வேண்டிய க்வெஸ்ட் இது. உங்கள் பட்டியலிலோ அகர வரிசைப்படி கடைசியில் கிடக்கிறது.

இதில் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் இடங்களும் எல்லோருக்கும் ஒன்றேதான். கிளாரியல் கல்லறைக்குள் ஆயுதம், கவசம், ரூன் (மந்திரக் கல்) எதையும் கொண்டுபோக முடியாது. எல்லாவற்றையும் பேங்கில் வைத்துவிட்டு உணவோடு மட்டும் போக வேண்டும். அங்கே தாயத்தையும் அஸ்திக் கலசத்தையும் எடுத்துக்கொண்டு பேங்குக்குத் திரும்பி, கயிறும், காற்று, மண், நீர் ரூன் ஒவ்வொன்றிலும் ஆறும் எடுத்துக்கொண்டு அருவிக்குப் போகலாம். உள்ளே ஆறு தூண்; ஒவ்வொரு தூணிலும் மூன்று ரூனும் ஒவ்வொன்று. ஐந்து எடுத்துப் போனவர் அங்கிருந்து திரும்பி நடக்க வேண்டும். குகையில் நிற்கும் ஃபயர் ஜெயன்ட் லெவல் 86. சண்டை வேண்டாம், ஓடிவிடுவதுதான் வழி. கடைசியில் கலசத்தை எடுத்துக் கிண்ணத்தின் மேல் பயன்படுத்த வேண்டும். அவசரத்தில் கிண்ணத்தையே சொடுக்கினால் வெள்ளம் வந்து வெளியே தள்ளிவிடும். இந்த ஒரு பத்தியைக் குழுவில் பின் செய்து வைத்தாலே புதியவருக்குப் பாதி நேரம் மிச்சம்.

மூன்றாவது கடிகாரம். நம்மூர் நேரம் தெரியாததால் வீணாகிற வெகுமதி கொஞ்சநஞ்சமில்லை. கென்ஷின் இம்பாக்ட் ஆசியா சர்வரில் நாள் மாறுவது நமக்கு இரவு 1:30. ஃபைனல் ஃபேன்டஸியில் டெய்லி ரீசெட் இரவு 8:30. லெவ் (சிறு ஒப்பந்த வேலை) செய்ய அனுமதி காலை 5:30-க்கு மூன்று, மாலை 5:30-க்கு மூன்று. அது 100-இல் நின்றுவிடும், ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் தொடாமல் விட்டவருக்குத்தான் நட்டம். தினமும் லெவ் செய்யச் சொல்லி யாரையும் விரட்ட வேண்டியதில்லை. கென்ஷினில் ரெசின் (வெகுமதி எடுக்கச் செலவாகும் சக்தி) எட்டு நிமிடத்துக்கு ஒன்று ஊறும். உச்சவரம்பு 160 ஆக இருந்தபோது 21 மணி 20 நிமிடத்தில் நிரம்பிவிடும், ஒரு நாள் தாண்டாது. 2024-இல் 200 ஆனபின் 26 மணி 40 நிமிடம் ஆகிறது. தினம் ஒரே நேரத்தில் உட்காருகிறவருக்கு ஒன்றும் வழியாது. இன்னும் அலாரம் வைத்து எழுந்திருக்கச் சொல்லும் ஆபீசர்கள் தயவுசெய்து தூங்க விடுங்கள்.

கென்ஷினிலேயே, தினம் வரும் நான்கு கமிஷனும் (சிறு வேலை) முடித்துக் கேத்ரின் என்ற என்பிசியிடம் சொன்னால் மொத்தம் 60 பிரைமோஜெம் (ஆட்டத்து நாணயம்). மாதத்துக்கு 1,800, அதாவது பதினொரு விஷ் (பாத்திரமோ ஆயுதமோ கிடைக்கும் குலுக்கல்). இது சில நிமிட வேலை. சில வேர்ல்டு க்வெஸ்ட் மணிக்கணக்கில் இழுக்கும், ஆனால் காலாவதி ஆகாது. மழைக்கால விடுமுறைக்கு வைத்துக்கொள்ளலாம். ஈவென்ட் க்வெஸ்ட் மட்டும் தேதி போட்டு வருகிறது, அதற்குத்தான் முதலிடம். இன்னொன்று: ஒரு என்பிசி வேறு க்வெஸ்ட்டில் மாட்டியிருந்தால் நீங்கள் எடுத்தது நகராது. ‘பக்’ (ஆட்டத்தின் பிழை) என்று புகார் எழுதுவதற்கு முன், மற்ற க்வெஸ்ட்டை முடித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடைக் கணக்கையும் யாரும் பார்ப்பதில்லை. ஒரு வேலைக்காகப் புதுச்சேரியிலிருந்து மஞ்சக்குப்பத்துக்கு பஸ் ஏறுகிறவர் மற்ற வேலைகளையும் அதே நடையில் முடிப்பார். ஒரு ஊரில் கிடைக்கும் க்வெஸ்ட்டை எல்லாம் எடுத்து, ஒரே திசையில் இருப்பதை ஒரு சுற்றில் முடித்து, ஒன்றாகத் திருப்பிக் கொடுப்பதும் அப்படித்தான். ஒரேயொரு குறி மட்டும் மேப்பின் மறு மூலையில் இருந்தால் அதைக் கைவிடலாம். வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்ட்டில் 2016 முதல் வரும் வேர்ல்டு க்வெஸ்ட்டை மேப்பிலேயே வெகுமதி பார்த்துத் தேர்ந்தெடுக்க முடியும், அங்கே இந்தக் கணக்கு இன்னும் சுலபம்.

சந்தேகம் இருந்தால் அளந்து பாருங்கள். அரை மணி நேரம் சைடு க்வெஸ்ட், அரை மணி நேரம் டங்கன். தொடங்கும்போதும் முடிக்கும்போதும் எக்ஸ்பியைக் குறித்துக்கொள்ளுங்கள். டங்கனுக்குக் க்யூவில் காத்திருந்த நேரத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும், இல்லாவிட்டால் டங்கன் பொய்யாக ஜெயிக்கும். டேங்க் (அடியைத் தாங்குபவர்), ஹீலராக (குணப்படுத்துபவர்) ஆடுகிறவருக்குக் க்யூ பெரும்பாலும் சீக்கிரம் நகரும். டிபிஎஸ் (தாக்குபவர்) ஆடுகிறவர் அந்தக் காத்திருப்பில்தான் மஞ்சள் குறிகளை முடிக்க வேண்டும்.

பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தப்படும் நாளில் துணைக்குப் போகும் க்வெஸ்ட்டும், பல கட்டமாக நீளும் சண்டையும் வேண்டாம். பாதியில் அறுந்தால் பெரும்பாலும் முதலிலிருந்துதான்; சில ஆட்டங்களில் தொடர்பு போனாலும் பாத்திரம் கொஞ்ச நேரம் களத்திலேயே நின்று அடி வாங்கும்.

எனவே அடுத்த பட்டியலில் மூன்றே பகுதி இருக்கட்டும்: வசதி திறப்பவை, இந்த வாரம் காலாவதியாகிறவை, விருப்பமிருந்தால் செய்பவை. ஒவ்வொன்றின் எதிரிலும் தேவையான பொருளையும், எந்த லெவலுக்குள் செய்தால் பலன் என்பதையும் எழுதுங்கள். மூன்றாவது பகுதியை முடிக்காத ஆட்களை ரெய்டு (பெரிய குழுச் சண்டை) அணியிலிருந்து நீக்குவதையும் இந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் கில்ட்களில் ஆடும் சில பழைய ஆட்டக்காரர்கள்