வேகம் மட்டும் பார்த்துத் தோட்டா வாங்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரடி நடமாடும் காடுகளில் பெரிய காலிபர் ரிவால்வர் கொண்டுசெல்வது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். துப்பாக்கி உறையை மார்போடு சேர்த்துக் கட்டுவது, முதுகுப்பையின் பட்டை கைக்குக் குறுக்கே வராமல் பார்த்துக்கொள்வது என்று நல்ல விஷயங்கள் அதில் இருந்தன. தோட்டாவுக்கு வந்ததும் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள்: "பெட்டியில் எதற்கு வேகம் அதிகம் போட்டிருக்கிறதோ, அதை வாங்குங்கள்." ரிவால்வர் பழுதுபார்ப்பதே தொழிலாக இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வரியை நீங்கள் அச்சில் ஏற்றியிருக்கக் கூடாது.

உங்களுக்குத் தெரியாதது அல்ல. .44 மேக்னம் என்ற வலுவான ரிவால்வர் தோட்டா ரகத்தில் 180 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) குண்டு வினாடிக்கு 1,600 அடி வரை போகும். வழக்கமான 240 கிரெயின் தோட்டாக்களில் பெட்டி மேல் 1,180 அடி என்று போட்டவை உண்டு. உங்கள் வரியை நம்பும் வாசகர் 180 கிரெயினைத்தான் எடுப்பார். அந்த எடையில் கிடைப்பவை பெரும்பாலும் முனை விரியும் குண்டுகள். மான் வேட்டைக்கு அவை பொருந்தும். கரடியின் தடித்த தோல், கொழுப்பு, தோள் தசை, அதற்கும் கீழே எலும்பு என்று வரும்போது, முதல் சில அங்குலங்களிலேயே விரிந்து வேகத்தை இழக்கும் குண்டால் பயனில்லை. அங்கே வேண்டியது ஆழம். அதைத் தருவது எடையும், உருக்குலையாத குண்டும், தட்டையான அகன்ற முனையும். 240 முதல் 300 கிரெயின் வரை எடையுள்ள கடின ஈய வார்ப்புக் குண்டு, அல்லது விரியாத முழுச் செம்புக் குண்டு: இந்த இரண்டில் ஒன்று. கடின ஈயம் என்றால் அளவான கடினம். மென்மையான ஈயம் மேக்னம் வேகத்தில் பேரலின் உட்புற வரிப்பள்ளங்களில் அப்பிக்கொள்ளும். மிதமிஞ்சிக் கெட்டியாக்கிய ஈயமோ எலும்பில் பட்டால் உடையும்.

பெட்டியில் போட்ட வேகத்தையாவது அப்படியே நம்பலாமா? ஒரு நிறுவனம் வாயு கசிய இடைவெளி விட்ட 4 அங்குலச் சோதனைப் பேரலில் அளக்கும். இன்னொன்று அதைவிட நீண்ட பேரலில் அளக்கும். வாசகர் இடுப்பில் இருப்பதோ பெரும்பாலும் 4 அங்குலம். மேக்னம் தோட்டாக்களில் பேரல் ஒரு அங்குலம் குறைந்தால் 25 முதல் 50 அடி வரை வேகம் குறைவது சாதாரணம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் நீங்கள் வெளியிட்ட ஒப்பீட்டு அட்டவணையிலும் பேரல் நீளம் என்ற பத்தியே கிடையாது. அப்போதே எழுதினேன். பதில் வரவில்லை, கடிதம் கைக்கு வந்து சேர்ந்ததா என்றும் தெரியவில்லை.

என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. முக்கால் கிலோ எடையுள்ள இலேசு உலோக ரிவால்வரைப் படம் போட்டு, அதனருகிலேயே அந்த வரியையும் போட்டிருக்கிறீர்கள். அதே தோட்டாவுக்கு, துப்பாக்கியின் எடை பாதியானால் உதைப்பின் ஆற்றல் இரட்டிப்பாகும். கை வலிப்பதோடு இது நிற்பதில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும், தோட்டாக்கள் இருக்கும் சுழல் உருளையான சிலிண்டர் பின்னால் பாய்கிறது. மீதமுள்ள தோட்டாக்களின் விளிம்பைப் பிடித்து, மருந்தும் குண்டும் பொருத்திய பித்தளைக் கூட்டையும் கூடவே இழுக்கிறது. உள்ளே இருக்கும் குண்டோ தன் எடையால் இருந்த இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. கூட்டின் வாயை மடக்கிய பிடி போதாவிட்டால் குண்டு கொஞ்சம் கொஞ்சமாக முன்னே நழுவும். மூன்றாவது, நான்காவது சுடுதலுக்குள் அதன் மூக்கு சிலிண்டர் முகத்துக்கு வெளியே எட்டிப் பார்க்கும். அது பேரலின் பின்முனையில் இடித்ததும் சிலிண்டர் சுழலாது. பக்கவாட்டில் திறக்கவும் மறுக்கும். விலங்கு எதிரே நிற்கும்போது சரிசெய்யக்கூடிய கோளாறு இல்லை இது. குண்டு கனமாக ஆக இந்த நழுவலும் கூடும். அதனால்தான் சில இலேசு ரிவால்வர்களின் கையேடுகளே செம்பு உறையில்லாத ஈயக் குண்டு வேண்டாம் என்று எச்சரிக்கின்றன.

கண்டுபிடிப்பது எளிது. ஆறு தோட்டாக்களை எடுங்கள். ஒன்றின் அடியில் பேனாவால் குறியிட்டு, வெர்னியர் காலிப்பரில் முழு நீளத்தை அளந்து எழுதி வையுங்கள். .44 மேக்னத்துக்கு அதிகபட்ச நீளம் 1.610 அங்குலம். மற்ற ஐந்தையும் சுட்ட பிறகு குறியிட்டதை எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். ஒரே பெட்டியிலிருந்து மூன்று தடவையாவது இப்படிச் செய்ய வேண்டும். கால் மில்லிமீட்டர் நகர்ந்திருந்தாலும் அந்தத் துப்பாக்கிக்கு அந்தத் தோட்டாவை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நிறுவனம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் சரி. இதற்கு உங்கள் கட்டுரையில் ஐந்து வரி ஒதுக்கியிருக்கலாமே!

அடுத்து, ".45 ரகத்துக்கும் இதே விதி" என்ற அடைப்புக்குறி வாக்கியம். இது ஆபத்தானது என்று சொல்லத் தயங்க மாட்டேன். .45 கோல்ட் என்ற பழைய ரிவால்வர் தோட்டா 1873-இல் வந்தது. தோட்டாக்களுக்கு அளவு வகுக்கும் எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற அமெரிக்கத் தர அமைப்பு அதற்கு வகுத்த அழுத்த வரம்பு சதுர அங்குலத்துக்கு 14,000 பவுண்டு. .44 மேக்னத்துக்கு 36,000. அதே விட்டமுள்ள, மிக வலுவான .454 கசூலுக்கு 65,000. கசூலின் கூடு நீளமானது என்பதால் .45 கோல்ட் சிலிண்டரின் அறைக்குள் (தோட்டா இறங்கும் துளைக்குள்) முழுதாக இறங்காது. நீளமே காவல். ஆனால் 'பிளஸ் பி' (வழக்கத்தைவிட அழுத்தம் கூடியது) என்று அச்சிட்டு விற்கும் கனத்த .45 கோல்ட் தோட்டாவுக்கும் சாதாரணத் தோட்டாவுக்கும் கூட்டின் நீளம் ஒன்றே. அதைப் பழைய, மெல்லிய சிலிண்டருக்குள் போகவிடாமல் தடுக்க எதுவும் இல்லை. .45 கோல்ட்டுக்குப் 'பிளஸ் பி' என்ற வரம்பை அந்த அமைப்பு வகுக்கவும் இல்லை. எந்தெந்த மாதிரிகளுக்கு உகந்தது என்று தயாரிப்பாளர் பெட்டியில் எழுதியிருப்பதையும், துப்பாக்கியின் கையேட்டையும் சேர்த்துப் படித்த பிறகே அதை வாங்க வேண்டும். வேகம் அதிகமானதை வாங்கச் சொன்னீர்கள். இந்த ரகத்தில் வேகம் அதிகமானது பெரும்பாலும் இதுதான்.

பழைய இதழ் ஒன்றில், பயிற்சிக்கு .44 ஸ்பெஷல், காட்டுக்கு .44 மேக்னம் என்று எழுதியிருந்தீர்கள். நல்ல யோசனை. பாதியில் விட்டுவிட்டீர்கள். அதே துப்பாக்கியில் சுடக்கூடிய, வலு குறைந்த ஸ்பெஷலின் கூடு மேக்னத்தைவிட அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குட்டை. அதன் வாய்க்கு முன்னால் அறைக்குள் கரி வளையமாகப் படியும். வெண்கலத் தூரிகையால் அந்த வளையத்தைத் தேய்த்து எடுக்காமல் மேக்னத்தைப் போட்டால் தோட்டா முழுதாக இறங்காது. இறங்கினாலும் சுட்ட கூடு சிக்கிக்கொள்ளும். தோல் வாரின் வளையங்களில் தோட்டாக்களை மாதக்கணக்கில் விட்டுவைக்கும் படத்தை அட்டையிலேயே போட்டீர்கள். பதப்படுத்திய தோல் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏற்றும். நிக்கல் பூசிய கூடு தேவலாம். காட்டிலிருந்து திரும்பியதும் வளையத்திலிருந்து எடுத்துவிடுவது அதைவிட நல்லது.

ஆலைத் தோட்டா என்பதால் ஒவ்வொன்றும் சரியாக இருக்கும் என்றும் எண்ண வேண்டாம். கொண்டுபோகப்போகும் ஒவ்வொரு தோட்டாவின் அடியையும் விரல் நுனியால் தடவிப் பாருங்கள். பிரைமர் (அடி நடுவில் இருக்கும் பற்றவைப்பு மூடி) அடித்தட்டுக்கு மேலே துருத்தியிருந்தால் துப்பாக்கியின் பின்தட்டில் உராய்ந்து சிலிண்டரை இறுக்கும். பிறகு பாதுகாப்பான திசையில் பிடித்து, விசையைத் தொடாமல், அறைகளில் இட்டு ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பாருங்கள். உரசல் தெரிந்தால் அந்தத் தோட்டாவை ஒதுக்கிவிடுங்கள்.

இத்தனையும் தேறிய பிறகு கடைசியாகப் பார்க்க வேண்டியது, இரண்டாவது குண்டைச் சுடத் துப்பாக்கி எவ்வளவு சீக்கிரம் குறிக்குத் திரும்புகிறது என்பதை. 300 கிரெயினில் இரண்டு வினாடி ஆகிறவருக்கு, மிதமான வேகத்தில் போகும் 240 கிரெயின் கடின ஈயமே சரியான தேர்வு. இதைப் பெட்டி சொல்லாது. அவரவர் கையில் சுட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும்.

நான் கேட்பது இரண்டுதான். அடுத்த இதழில் அந்த வரிக்கும் .45 பற்றிய வாக்கியத்துக்கும் திருத்தம் போடுங்கள். இனி வேகம் அச்சிடும் இடத்திலெல்லாம் குண்டின் எடையையும் பேரல் நீளத்தையும் சேர்த்து அச்சிடுங்கள். அட்டவணையில் இரண்டு பத்திகள் கூடும், அவ்வளவே.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர் ஒருவர்