குடவோலையும் கடைமடையும்

திருவையாறு,
ஆவணி 12.

அன்புள்ள கோவிந்தராசுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தலைஞாயிறு வரை தண்ணீர் எட்டிவிட்டது என்று படித்ததும் மனம் நிறைந்தது. இங்கே குடமுருட்டி கரை தொட்டு ஓடுகிறது.

மேல்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமைதோறும் உளவியல் ஆய்வு முறைகளைச் சொல்லித் தருகிறேன் என்று நான் எழுதியதற்கு, "கண்ணுக்குத் தெரியாத மனத்தை எந்த மரக்காலால் அளப்பாய்?" என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்விதான். மனத்தை நேரடியாக யாராலும் அளக்க முடியாது. மனிதர் செய்வதையும் சொல்வதையும் அளந்து, அதிலிருந்து உள்ளே நடப்பதை ஊகிக்கிறோம். 1879இல் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வுண்ட் ஆய்வுக்கூடம் அமைத்தபோதும், ஒளியைக் கண்டவர் விசையை அழுத்த எவ்வளவு நேரம் ஆகிறது என்பது போன்றவற்றையே அளந்தார். அளப்பதைவிட ஒப்பிடுவதுதான் கடினம் என்பதை இந்த ஆண்டு பிள்ளைகளோடு சேர்ந்து நானும் நன்றாக உணர்ந்தேன்.

முதல் வாரத்திலேயே அவர்கள் வகுப்பு முழுவதும் விசாரித்து, விடியற்காலையில் எழுந்து படிப்பவர்களே கூடுதல் மதிப்பெண் எடுக்கிறார்கள் என்று கண்டு, அதிகாலைப் படிப்புதான் அதற்குக் காரணம் என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். அப்போது உன் வயலை உதாரணமாகச் சொன்னேன். புது உரத்தைத் தலைமடை வயலில் போட்டு, கடைமடை வயலைச் சும்மா விட்டு, தலைமடையில் விளைச்சல் கூடியது உரத்தால்தான் என்று சொன்னால் நீ ஒப்புக்கொள்வாயா? தண்ணீர் முதலில் பாய்ந்ததும் காரணமாக இருக்கலாமே! விடியலில் எழும் பிள்ளையின் வீட்டில் எழுப்பிவிட ஓர் ஆளும், படிக்க ஒரு தனி இடமும் இருக்கக்கூடும். இரண்டு செய்திகள் சேர்ந்து வருவதை ஒட்டுறவு என்கிறோம். அதை வைத்து மட்டும் ஒன்று மற்றொன்றை விளைவித்தது என்று சொல்லிவிட முடியாது.

இதற்கு மருந்து நம் மண்ணிலேயே பழக்கமானது. முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு சொல்லும் குடவோலையை நினைத்துப் பார். பெயர்களைக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுத்தார்கள். யாருடைய விருப்பமும் அதில் நுழையவில்லை. ஆய்விலும், யார் எந்தக் குழுவில் சேர வேண்டும் என்பதைச் சீட்டே முடிவு செய்தால், வசதி, உறக்கம், அறிவுக்கூர்மை முதலிய யாவும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகப் பரவும். எஞ்சும் சிறு வேறுபாட்டைக் கணக்கால் மதிப்பிடலாம். இந்த முறையை நெறிப்படுத்தியவர்களில் முதன்மையானவர், 1919இல் இங்கிலாந்தின் ரோத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த ரொனால்ட் ஃபிஷர். வயலில் உரம் சோதிக்கப் பண்படுத்திய வழியே பிறகு மனத்தை ஆராயவும் உதவியது என்று அறிந்தால் நீ மகிழ்வாய்.

பிள்ளைகளும் சீட்டுக் குலுக்கி இரண்டு குழுவாகப் பிரிந்தார்கள். ஒரு குழு பட்டியலைத் திரும்பத் திரும்பப் படிக்க, மற்றது தாளை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுத வேண்டும். பட்டியலில் நாற்று, மதகு என்று போட்டால் உழவர் வீட்டுப் பிள்ளைக்கு எளிதாகிவிடும் என்பதால், பொருளற்ற அசைகளையே எழுதினோம். 1885இல் தம் நினைவாற்றலைத் தாமே சோதித்து நூல் வெளியிட்ட ஹெர்மன் எபிங்ஹாஸ் கையாண்ட உத்தி அது. மறு சனிக்கிழமை பார்த்தபோது, மூடி எழுதியவர்களுக்கே கூடுதலாக நினைவிருந்தது. ஆனால் அந்தக் குழுவில் மிகக் குறைவாக எழுதிய ஒரு பையனை, "அவனுக்குக் காய்ச்சல் ஐயா, கணக்கில் சேர்க்க வேண்டாம்" என்று மற்றவர்கள் கெஞ்சினார்கள். யாரை விலக்குவது என்பதை முடிவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும், பார்த்த பிறகு விலக்குவது நம்மை நாமே ஏமாற்றிக்கொள்வது என்று சொல்லிச் சேர்த்தேன். வேறுபாடு சுருங்கியது. அன்று அவர்கள் முகம் வாடினாலும், அந்த ஒரு மணி நேரம்தான் இந்த ஆண்டின் மிகச் சிறந்த பாடம் என்று நினைக்கிறேன்.

ஒரு தவறு என்னுடையது. பிள்ளைகள் தயாரித்த வினாப்பட்டியலை நான் முழுதாகப் பார்க்காமல் அனுமதித்துவிட்டேன். அதில், "உங்கள் வீட்டில் பெற்றோர் சண்டையிடுவார்களா?" என்ற கேள்வியும், மேலே பெயர் எழுத இடமும் இருந்தன. ஒரு மாணவி பேனாவைத் தொடாமல் குனிந்து அமர்ந்திருந்தாள். தாள்களை உடனே வாங்கிக் கிழித்துவிட்டு, அவளிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன். இப்போது பெயர் கேட்பதில்லை. பெற்றோரிடமும் மாணவரிடமும் முன்கூட்டியே சம்மதம் பெறுகிறோம். விரும்பாதவர் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் எழுந்து போகலாம் என்பதை முதலிலேயே உரக்கப் படிக்கிறோம்.

சம்பா நடவின்போது, உன் எட்டு மா நிலத்தில் எந்தெந்த மாவுக்குப் புது உரம் என்பதை நீயே தேர்ந்தெடுக்காமல் பேரனைச் சீட்டெடுக்கச் சொல். அறுவடையானதும் ஒவ்வொரு மாவின் கணக்கையும் தனித்தனியே எழுதி அனுப்பு. பிள்ளைகள் உன் வயலைப் பற்றி இப்போதே விசாரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

அன்புடன்,
வைத்தியநாதன்