நெதர்லாந்தின் ஐந்தோவனிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

பனை ஓலைக் கட்டும் உடன்குடிக் கருப்பட்டியும் வந்து சேர்ந்தன. கட்டுக்குள் நீ செருகியிருந்த கடிதத்தை மறுநாள்தான் பார்த்தேன். எழுதக்கூட நேரமில்லையா என்று கேட்டிருக்கிறாய். நேரமெல்லாம் இருக்கிறது, எழுதத்தான் கை வரவில்லை.

சாப்பாட்டுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே மத்தியானம் யாரும் அடுப்பு மூட்டுவதில்லை. ரொட்டி, சீஸ், ஒரு தம்ளர் பால், அவ்வளவுதான். காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டியில் சாக்லேட் துகளைத் தூவிச் சாப்பிடுகிறார்கள், பெரியவர்கள்கூட. கடை மூடும் நேரத்தில் போனால் ரொட்டி விலை குறையும். நான் அப்போதுதான் போவது. கூட்டம் இருக்காது, அதற்காக.

அறையில் ஹீட்டர் உண்டு. போட்டால் ஓலை முறுகி, மடிக்கும்போதே படக்கென்று ஒடிகிறது. அதனால் அணைத்துவிட்டு, இரண்டு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து முடைகிறேன். ஓலைக்காகத்தான், வேறொன்றும் இல்லை.

பெட்டி முடையவா அவ்வளவு தூரம் போனாள் என்று ஆச்சி சிரித்தாளாமே. இதையும் அவளிடம் சொல். எங்கள் டிசைன் கல்லூரியில் படித்த லிபெர்தினி என்பவர் மெழுகில் ஜாடி அச்சு செய்து தேன்கூட்டுக்குள் வைத்தார். சுமார் 40,000 தேனீக்கள் ஒரே வாரத்தில் அதன்மேல் அறை அறையாகக் கட்டி முடித்தன. அந்த மாதிரி ஜாடி ஒன்று நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எரிக் கிளாரன்பேக் என்ற இன்னொரு டிசைனர் 2013-இல் வைக்கோலில் பூஞ்சையை வளர்த்து நாற்காலியே செய்தார். ஐப்பசி மழையில் பெட்டியில் பூஞ்சை பூத்தால் திட்டிக்கொண்டே காயப்போடுவாயே, அதைத்தான் இங்கே தீனி போட்டு வளர்க்கிறார்கள்!

எனக்குப் பிடித்தது மார்செல் வாண்டர்ஸ் என்ற டிசைனர் 1996-இல் செய்த நாற்காலி. கயிற்றை முடிச்சு முடிச்சாகப் பின்னி, காய்ந்தால் கல்லாக இறுகும் எபாக்ஸி பிசினில் ஊறவைத்து, சட்டத்தில் தொங்கவிட்டுக் காயவைத்தது. பார்த்தால் தொட்டில் வலை மாதிரி, உட்கார்ந்தால் ஆளைத் தாங்கும். அப்படியே ஓலையில் ஒரு விளக்குக் கூடு செய்து பார்க்கிறேன். ஓலையின் வழுவழுப்பில் பிசின் ஒட்ட மாட்டேன் என்கிறது. சாயத்தில் கொதிக்கவைத்த ஓலைக்கு அந்த மினுமினுப்பு போய்விடுமா? எவ்வளவு நேரம் கொதிக்க வேண்டும்? ஆசிரியருக்கு இது தெரியாது, உனக்குத்தான் தெரியும்.

கீழ் வீட்டுத் தாத்தா, ராத்திரி சரசரக்கிறதே எலியா என்று கேட்டு மேலே வந்தார். பிலிப்ஸ் பல்பு ஆலையில் வேலை பார்த்தவர். நாயை வாரும்போது உதிரும் முடியைச் சேர்த்து நூலாக்கித் தனக்கே தொப்பி பின்னிக்கொள்வார். மழையில் நனைந்தால் தொப்பியும் நாயும் ஒரே வாடை. காபிக்குக் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் எடுத்ததும் டப்பாவை மூடிவிடுவார். கஞ்சத்தனம் இல்லை, இந்த ஊர் வழக்கம் அது. என் விளக்குக் கூட்டுக்குள் மாட்ட ஒரு பழைய பல்பும் கொடுத்திருக்கிறார்.

கருப்பட்டியை அன்றைக்கே உடைத்துக் காப்பி போட்டேன். அந்தப் புகை வாசனை மூக்கில் ஏறியதும், நம் பனை விளையில் பதநீர் காய்ச்சும் இடத்தில் நீ முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்பது ஞாபகம் வந்துவிட்டது. அன்று வகுப்புக்குப் போகவில்லை. சளி என்று சொல்லிவிட்டேன்.

சரி, விளை விஷயம். சித்தப்பா பனையைச் செங்கல் சூளைக்குக் கொடுக்கப் போகிறார் என்றால் விடாதே. கலெக்டர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டிலேயே அறிவித்தார்கள். போதாததற்கு அது கூட்டுப் பட்டா. நீட்டிய காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிடாதே. தம்பியை விஏஓவைப் போய்ப் பார்க்கச் சொல். சித்தப்பாவிடம் அவன் சத்தம் போட வேண்டாம், சித்தியிடம் நீயே பேசு.

ஆச்சியின் கண் ஆபரேஷனுக்கு இந்த மாதம் அனுப்புவதாகச் சொன்ன பணம் தை பிறந்ததும் வரும். பேங்கில் ஏதோ தாமதம். அதுவரை மகளிர் குழுவில் கடன் கேட்டுப் பார். வளையலை மட்டும் அடகு வைக்காதே.

அன்புடன்,
செல்வி