‘எல்லாச் சிறு விலங்குகளுக்கும் பாதுகாப்பானது’ என அச்சிட்டு விற்கப்படும் மரச்சீவல் குறித்துப் புகார்

பெறுநர்
குறைதீர்ப்பு மேலாளர்,
செல்லப்பிராணிப் பொருட்கள் பிரிவு.

பொருள்: பைன் மணம் கொண்ட மரச்சீவல் படுக்கையால் என் வளர்ப்பு எலிகளுக்கு ஏற்பட்ட மூச்சுக் கோளாறு; பையில் உள்ள வாசகத்தை மாற்றக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். உங்கள் நிறுவனத்தின் மரச்சீவல் பை ஒன்றைச் சென்ற மாதம் வாங்கினேன். முகப்பில் வெள்ளை எலியின் படம். அதன் கீழே ‘இயற்கையான பைன் மணம், எல்லாச் சிறு விலங்குகளுக்கும் பாதுகாப்பானது’ என்ற வரி. அதை நம்பித்தான் கூண்டில் விரித்தேன். விரித்த பத்தாம் நாள் என் எலிகளில் ஒருத்தி மருத்துவமனையில் ஆக்சிஜன் பெட்டிக்குள் கிடந்தாள்.

இதுபற்றி உங்கள் தொலைபேசிச் சேவையில் இரண்டு முறை பேசிவிட்டேன். முதலில் பேசியவர் பொறுமையாகக் கேட்டுப் புகாரைப் பதிந்துகொண்டார். அவர்மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. இரண்டாவதாகப் பேசியவர், “எலிதானே மேடம், அதுக்கெல்லாம் ஆயுசே கம்மி” என்றார். அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் எழுத்தில் அனுப்புவது என்று முடிவு செய்தேன்.

குந்துமணி, மை, பஞ்சு என்று என்னிடம் மூன்று பெண் எலிகள். மூன்றுக்கும் ஒன்றரை வயது. ‘எலி வளையானாலும் தனி வளை’ என்று நாம் சொல்லிக்கொள்கிறோமே தவிர, எலிக்குத் தனிமை ஆகாது. ஒற்றையாக வைத்த எலி வாடிப்போகும். கூண்டில் எவ்வளவு இடம் இருந்தாலும் இவை மூன்றும் ஒரே துணித்தொட்டிலில் ஒன்றின்மேல் ஒன்றாகத்தான் தூங்கும். கதவைத் திறந்தால் முதலில் வருபவள் குந்துமணி. கையில் ஏறி, தோளுக்கு வந்து, என் காதுக்குப் பின்னால் மூக்கை வைத்து நன்றாக முகர்ந்து பார்த்த பிறகுதான் அவளுக்கு மற்ற வேலை. கன்னத்தைத் தடவிக்கொடுத்தால் பல்லை மெல்ல அரைப்பாள். நமக்குப் பல்லை நறநறப்பது கோபம். எலிக்குப் பெரும்பாலும் அது நிம்மதி. அந்த நிம்மதி கூடும்போது தாடை அசைவில் கண்கள் இரண்டும் உள்ளும் வெளியுமாகத் துடிக்கும். முதல் தடவை பார்ப்பவர்கள் பயந்துவிடுவார்கள். நான் அதைப் பார்ப்பதற்காகவே வேலை முடிந்ததும் நேராக வீட்டுக்கு வருகிறவள்.

எலிக்குக் கிச்சுகிச்சு மூட்டினால் அது சிரிப்புப் போன்ற ஒலி எழுப்புவதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அது சுமார் 50 கிலோஹெர்ட்ஸ் ஒலி. மனிதக் காது 20-க்கு மேல் கேட்காது. பயத்திலும் வேதனையிலும் எழுப்பும் ஒலி 22 கிலோஹெர்ட்ஸ் அளவில் இருக்கிறது. அதுவும் நம் காதுக்கு எட்டாது. போதாததற்கு, பிற விலங்குகளுக்கு இரையாகும் பிறவி என்பதால் நோயைக் கடைசிவரை மறைத்தே வைக்கும். ஆகவே எலி வளர்ப்பவர்களுக்குக் கண்ணும் தராசும்தான் துணை. வாங்கும் பொருளைப் பொறுத்தவரை, பையில் நீங்கள் அச்சிடும் வார்த்தைதான் துணை.

நடந்ததைச் சொல்கிறேன். வழக்கமாக நான் போடும் காகிதப் படுக்கை அந்த வாரம் கிடைக்கவில்லை. உங்கள் பையைப் பிரித்ததுமே அறை முழுக்க மர வாசனை. எனக்கு அது பிடித்துக்கூட இருந்தது. சுத்தமான பொருள் என்று எடுத்துக்கொண்டேன். அதை நினைத்தால் இன்னும் உறுத்துகிறது. மூன்றாம் நாள் மூன்று எலிகளும் தும்மின. புது வாசனைக்கு ஓரிரு நாள் தும்முவது உண்டு என்பதால் விட்டுவிட்டேன். ஐந்தாம் நாள் காலையில் குந்துமணியின் மூக்கோரம் சிவப்பாகக் காய்ந்திருந்தது. அது ரத்தம் அல்ல. கண்ணுக்குப் பின்னால் உள்ள சுரப்பியிலிருந்து வரும் பார்ஃபைரின் என்ற நிறமி. உடம்பு நன்றாக இருக்கும் எலி அதை முன்னங்கையால் அப்போதைக்கப்போது துடைத்துக்கொள்ளும். இவள் துடைக்காமல் விட்டிருந்தாள். ஏழாம் நாள் எடை போட்டேன். 310 கிராம் இருந்தவள் 284. அன்றிரவு அவளைக் காதோடு சேர்த்துப் பிடித்துக் கேட்டேன். ஈரச் சுள்ளி எரியும்போது வெடிக்குமே, அப்படி ஒவ்வொரு மூச்சிலும் சின்னச் சின்னதாகப் படபடத்தது.

எலியைப் பார்க்கும் கால்நடை மருத்துவர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. எட்டாம் நாள்தான் ஒருவரிடம் கொண்டுபோக முடிந்தது. எக்ஸ்ரே எடுத்து, மருந்து தொடங்கினார். அப்படியும் பத்தாம் நாள் வாயைத் திறந்து மூச்சிழுக்க ஆரம்பித்தாள். எலி மூக்கால் மட்டுமே மூச்சுவிடும் விலங்கு; வாயைத் திறக்கிறது என்றால் ஆபத்து நெருங்கிவிட்டது என்று பொருள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். நோய்க்கிருமி உங்கள் பையிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. மைக்கோபிளாஸ்மா பல்மோனிஸ் என்ற அந்தக் கிருமி பெரும்பாலான வளர்ப்பு எலிகளின் மூச்சுக்குழாயில் குட்டிப் பருவத்திலிருந்தே இருக்கிறது. தாயிடமிருந்து வருவது. பல எலிகளுக்கு அது பெரிய தொந்தரவு தராமலே வாழ்நாள் கழிந்துவிடும். மூச்சுக்குழாயின் உட்புறம் எரிச்சலடைந்தால் அது தலைதூக்கும். சிறுநீரின் அம்மோனியா தூண்டும், தூசி தூண்டும், காட்டமான வாசனை தூண்டும். அதனால்தான் கூண்டை நான் தவறாமல் சுத்தம் செய்கிறேன். அறையில் ஊதுபத்தி, வாசனைத் திரவம் எதுவும் கிடையாது. தூங்கிக்கொண்டிருந்த கிருமியைத் தட்டி எழுப்பியது என்ன என்பதுதான் என் கேள்வி. அந்தப் பத்து நாளில் என் வீட்டில் மாறியது படுக்கை ஒன்றுதான். அதை அள்ளி எறிந்துவிட்டுப் பழைய துணி விரித்தேன். மருந்தே கொடுக்காத மையும் பஞ்சுவும் நான்கு நாளில் தும்முவதை நிறுத்திவிட்டன.

பிறகு உங்கள் பையையே சோதித்துப் பார்த்தேன். அறையை இருட்டாக்கி, ஒரு கறுப்புத் துணிமேல் இரண்டு கைப்பிடிச் சீவலைக் கொட்டி, பக்கவாட்டில் டார்ச் அடித்தேன். வெளிச்சத்தில் தூசி எழுந்து, கீழே இறங்க மனமில்லாமல் மிதந்தது. சீவலை எடுத்துவிட்டுப் பார்த்தால் துணி சாம்பல் பூத்திருந்தது. நாம் நின்று கொட்டுவதால் இது நமக்குத் தெரிவதில்லை. எலியின் மூக்கோ படுக்கையிலிருந்து ஒரு விரல் உயரத்தில் இருக்கிறது. அதிலேயே தோண்டும், புதைந்து தூங்கும். நிமிடத்துக்கு எண்பது, நூறு முறை மூச்சுவிடும். படங்களை இத்துடன் இணைத்திருக்கிறேன். பையில் உள்ள தொகுதி எண்ணும் அவற்றில் தெளிவாகத் தெரியும்.

மணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பைன், சிடார் போன்ற மென்மரங்களின் வாசனை, மரத்திலிருந்து ஆவியாகும் எண்ணெய்ப் பொருட்களின் வாசனை. மென்மரச் சீவல்மேல் வைத்த எலிகளின் கல்லீரல் நொதிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தூண்டப்படுகின்றன என்பது 1967-லேயே ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. உயர் வெப்பத்தில் உலர்த்தினால் இந்தப் பொருட்கள் பெருமளவு குறையும். உங்கள் சீவல் அப்படி உலர்த்தியதா இல்லையா என்று பையில் எங்கும் இல்லை. பிரித்ததும் அறையை நிறைத்த வாசனையைப் பார்த்தால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. நீங்களோ அந்த வாசனையையே சிறப்பாக முகப்பில் போட்டிருக்கிறீர்கள். மனிதருக்கு மணக்கட்டும் என்று சேர்த்தது, உள்ளே வாழும் உயிருக்குச் சுமையாகிறது.

வளர்ப்பு எலிக்கு நோய் வந்தாலே கம்பெனியைக் குறை சொல்லும் ஆள் நான் இல்லை. ஆறு மாதத்துக்கு முன் மைக்கு முன்னங்கால் அடியில் கட்டி வந்தது. பெண் எலிகளுக்குப் பால்சுரப்பித் திசு கழுத்திலிருந்து தொடைவரை பரவியிருப்பதால் அங்கே கட்டி வருவது மிகச் சாதாரணம். பெரும்பாலும் புற்றாக இருக்காது. மயக்கமருந்து கொடுத்து எடுத்தோம், மறுநாளே ஓடினாள். அது எலியின் உடல்வாகு, யாரையும் கேட்பதற்கில்லை. ஆனால் நாளை குந்துமணிக்கு அதே கட்டி வந்தால், இந்த நுரையீரலோடு மயக்கமருந்து கொடுக்கத் தயங்குவேன் என்று மருத்துவர் இப்போதே சொல்லிவிட்டார். உங்கள் பை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது பத்து நாட்களை மட்டும் அல்ல.

அவள் பிழைத்துவிட்டாள். டாக்சிசைக்ளின், என்ரோஃபிளாக்சசின் என்ற இரண்டு கிருமிக்கொல்லி மருந்துகளைப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிறேன். கசப்பு தெரியாமலிருக்க ஒரு துளி மசித்த வாழைப்பழம். பாலிலோ தயிரிலோ கலக்கக்கூடாது, கால்சியம் டாக்சிசைக்ளினைக் கட்டிப்போட்டுவிடும். மருந்து கிருமியை அடக்கும், அடியோடு ஒழிக்காது. இனி எப்போது வேண்டுமானாலும் திரும்ப வரலாம். இப்போதும் தோளுக்கு ஏறுகிறாள். நடுவில் முழங்கையில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருகிறாள்.

பையின் விலையைத் திருப்பித் தருவதாக உங்கள் சேவைப் பிரிவு சொன்னது. கொடுங்கள், ஆனால் அதற்காக நான் எழுதவில்லை. ‘எல்லாச் சிறு விலங்குகளுக்கும்’ என்ற வரியை எடுங்கள். மணமுள்ள மென்மரப் பையில் எலியின் படம் இருக்கக்கூடாது. என்ன மரம், எப்படி உலர்த்தியது, தூசி நீக்கியதா என்பதைக் கண்ணில் படும் அளவு எழுத்தில் போடுங்கள். இந்தத் தொகுதியைக் கடைகளிலிருந்து எடுத்துச் சோதித்து, முடிவை எனக்கு எழுத்தில் தெரிவியுங்கள். தொலைபேசியில் பேசுகிறவர்களுக்கும், “எலிதானே” என்று சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுங்கள்.

பதிலுக்கு 30 வேலைநாட்கள் ஆகும் என்கிறது உங்கள் விதி. அது ஆறு வாரம். எலியின் ஆயுள் இரண்டு முதல் மூன்று ஆண்டு. எழுபது வயது வாழும் மனிதரை மூன்று ஆண்டு காத்திருக்கச் சொல்வதற்கு அது சமம். பத்து நாட்களுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன்.

மீதிச் சீவலைக் காற்றுப்புகாத உறையில் கட்டி வைத்திருக்கிறேன். சோதனைக்கு யார் கேட்டாலும் தருகிறேன். எப்போது வேண்டுமானாலும் அழைக்கலாம். காலை ஏழிலிருந்து ஏழரை, மாலை ஏழிலிருந்து ஏழரை மட்டும் வேண்டாம். அது குந்துமணிக்கு மருந்து கொடுத்து நெபுலைசர் வைக்கும் நேரம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: பையின் படங்கள், தூசிச் சோதனைப் படங்கள், மருத்துவர் அறிக்கை, எக்ஸ்ரே நகல், எடைக் குறிப்பு.